சிலிக்கோன் பாத்திரம்: கேக்கைத் தாண்டி தினசரி சமையல், சூடாக்கல், சேமிப்புக்கு எதுவரை சரிவரும்?

அடுப்படி_அணில்:

இருப்பவை: 6 குழி மஃபின் தட்டு, நீள ரொட்டி அச்சு, மூடியோடு மடக்கு டப்பா இரண்டு, ஜிப் வைத்த பை நான்கு. எல்லாவற்றிலும் "சிலிக்கோன், 230 டிகிரி வரை" என்று போட்டிருக்கிறது. ஓவன், மைக்ரோவேவ், பிரஷர் குக்கர், ஃப்ரீசர் என்று எல்லா இடத்திலும் இவற்றையே வைத்துப் புழங்கலாமா என்பதுதான் கேள்வி.

சிக்கல்கள்: ரொட்டியின் மேல்பக்கம் சிவந்துவிடுகிறது, அடியும் பக்கமும் வெளிறி ஈரமாக நிற்கிறது. நன்றாகக் கழுவிய டப்பாவில் வைத்த சோறு சோப்பு வாடை அடிக்கிறது. மஃபின் குழிகளில் எவ்வளவு தேய்த்தாலும் பிசுபிசுப்பு போகவில்லை. பையில் நறுக்கிய வெங்காயத்தை வைத்தால் ஃப்ரீசர் முழுக்க வாடை, ஜிப் சரியாகத்தான் மூடியிருக்கிறது. கிள்ளிப் பார்த்து வெள்ளைக் கோடு தெரிந்தால் கலப்படம் என்கிறார்களே, அது உண்மையா? ரொட்டி அச்சில் லேசாகத் தெரிகிறது.

வெண்சாம்பல்:

வெங்காய வாடையிலிருந்து தொடங்குகிறேன், சோப்பு வாடைக்கும் பிசுபிசுப்புக்கும் காரணம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சிலிக்கோன் ஒரு ரப்பர். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலிகள், பக்கவாட்டில் மெத்தில் தொகுதிகள் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கிளைகள்). (சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. முன்னது கணினிச் சில்லுக்குள் இருக்கும் தனிமம்.) இந்தச் சங்கிலிகள் நெருக்கி அடுக்கியவை அல்ல, தளர்வாக அசைந்துகொண்டே இருப்பவை. மைனஸ் 40 டிகிரியிலும் தட்டு உடையாமல் வளைவது அதனால்தான். அந்தத் தளர்ச்சிக்குக் கொடுக்கிற விலை, வாயுக்கள் சுவர் வழியாகவே போய் வரும். ஆக்சிஜனைக் கசியவிடுவதில் சாதாரண பாலித்தீனைவிட நூறு மடங்குக்கும் மேல். தண்ணீர் ஒரு சொட்டு ஒழுகாது, நீராவியும் வாசனையும் தாராளமாகப் போகும். ஜிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

மெத்தில் தொகுதிகளுக்கு எண்ணெய் பிடிக்கும், தண்ணீர் பிடிக்காது. ஆகவே கொழுப்பும், கொழுப்பில் கரையும் வாசனைப் பொருட்களும் மேல்பரப்பில் ஒட்டுவதோடு நிற்காமல் உள்ளேயும் கொஞ்சம் இறங்குகின்றன. பாத்திரம் கழுவும் திரவத்தில் இருக்கும் வாசனையும் அப்படித்தான் இறங்குகிறது. பிறகு சூடான சோறு பட்டதும் வெளியே வருகிறது.

கிள்ளிப் பார்க்கும் சோதனை நம்பத்தக்கதல்ல. மலிவான நிரப்பிகள் கலந்திருந்தாலும் வெள்ளைக் கோடு வரும், நிறமி அதிகமாக இருந்தாலோ சிலிக்காத் தூள் சேர்த்த கெட்டியான சிலிக்கோனாக இருந்தாலோ கூட வரும். கோடு தெரியாததால் சரக்கு நல்லது என்றும் ஆகிவிடாது.

அதைவிட உருப்படியான சோதனை எடை பார்ப்பது. தொழிற்சாலையில் அச்சை வார்த்த பிறகு 200 டிகிரியில் சுமார் 4 மணி நேரம் வேகவைத்து, உள்ளே மிஞ்சிய சிறு மூலக்கூறுகளை ஓட்டிவிட வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் கை வைப்பார்கள். ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 200 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தால் ஆவியாகிப் போவது எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் தோராயமாகச் செய்ய: அச்சைக் கழுவித் துடைத்து 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள், ஆறியதும் 0.1 கிராம் காட்டும் தராசில் எடை எடுங்கள். பிறகு வெறும் அச்சாக 200 டிகிரியில் 4 மணி நேரம், ஜன்னல்களைத் திறந்து வைத்து. ஆறவைத்து மறுபடி எடை. 200 கிராம் அச்சு என்றால் 1 கிராம் வரை குறையலாம். 2, 3 கிராம் குறைந்தால் அது சரியாக வேகவைக்காத சரக்கு. சோதனை துல்லியம் இல்லை, ஆனால் கிள்ளுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். புது அச்சுக்கு இதைச் செய்தால் சோதனையும் ஆயிற்று, முதல் வாடையும் போயிற்று.

வெளியேறும் சிறு மூலக்கூறுகளில் முக்கியமானவை டி4, டி5, டி6 என்ற வளைய சிலாக்சேன்கள், அதாவது அதே சிலிக்கான்-ஆக்சிஜன் கோவை சிறு வளையமாக மூடியவை. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றை மிகுந்த கவனத்துக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. நீர்த்த உணவைவிடக் கொழுப்புள்ள உணவுக்குள், அதுவும் அதிகச் சூட்டில், இவை கூடுதலாக இறங்கும். பயன்படுத்தப் பயன்படுத்த அளவு குறையும். புது அச்சில் முதல் நாளே வெண்ணெய் நிறைந்த கேக்கைச் சுடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தொடக்கம்.

மாவுக்கை:

ரொட்டி அடி வெளிறுவதற்கு வருகிறேன். சிலிக்கோனின் வெப்பக் கடத்தல் அலுமினியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறும். தகர அச்சில் சுவர் சட்டென்று சூடேறி மாவின் ஓரத்தைச் சிவக்க வைக்கும். சிலிக்கோனில் சுவரே ஒரு போர்வை. ரொட்டியிலிருந்து வரும் ஈரமும் அச்சுக்கும் மாவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது, அதனால் சிவப்பதற்குப் பதில் அவிகிறது.

ஓவன் சூட்டைக் கூட்டுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. மேல்பக்கம் கருகும், அடி அப்படியே இருக்கும். இப்படிச் செய்து பாருங்கள்.

கறுப்பு நிறத் தகரத் தட்டு ஒன்றைக் கீழ்த் தட்டு நிலையில் வைத்து ஓவனோடு சேர்த்தே சூடாக்குங்கள். மாவை நிரப்பிய சிலிக்கோன் அச்சை இந்தச் சூடான தட்டின் மேல் வைக்க வேண்டும். நிரப்பிய பிறகு அச்சை மட்டும் பிடித்துத் தூக்கக் கூடாது, நடுவில் மடங்கிக் கொட்டும். ஒரு மெல்லிய கம்பி வலை மேல் வைத்து நிரப்பி, வலையோடு தூக்கித் தட்டில் இறக்குவது சுலபம். தகர அச்சுக்குச் சொன்ன நேரத்தோடு 5 முதல் 10 நிமிடம் கூடும். நேரத்தை நம்பாமல் வெப்பமானியைக் குத்துங்கள்: ஈஸ்ட் ரொட்டிக்கு நடுப்பகுதி 93 முதல் 96 டிகிரி, வெண்ணெய் கேக்குக்கு 96 முதல் 98.

அந்தச் சூடு வந்ததும் ரொட்டியை அச்சிலிருந்து உருவி, வெறுமனே கம்பித் தட்டில் வைத்து இன்னும் 6, 8 நிமிடம் ஓவனில் விடுங்கள். பக்கமும் அடியும் சிவப்பது இந்தக் கடைசிச் சுற்றில்தான். கேக்குக்கு இது வேண்டாம், 10 முதல் 15 நிமிடம் அச்சிலேயே ஆறவிட்டு, ஓரத்தை வெளிப்பக்கம் இழுத்துக் காற்று புகவிட்டுப் பிறகு கவிழ்க்கலாம். சூட்டோடு கவிழ்த்தால் பாதி கேக் உள்ளேயே நிற்கும், பழி அச்சின் மேல் விழும்.

நீள அச்சின் பக்கச் சுவர்கள் மாவின் கனத்தில் வெளியே பிதுங்கும், ரொட்டி தொப்பை போட்டு வரும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். இரண்டு பக்கமும் சிறிய தகர டின்களை அணைத்து வைத்தாலும் போதும். வெளிப்பக்கம் முறுகலாக வேண்டிய ரொட்டிக்கு சிலிக்கோன் தோதான அச்சே இல்லை, அதை ஒப்புக்கொண்டு தகரத்துக்குப் போய்விடுவது நல்லது. மென்மையாக நிற்க வேண்டியவை, மஃபின், வேகவைத்த முட்டைக் கலவை, புட்டிங், உறையவைக்கிற இனிப்புகள், இவற்றில்தான் அது ஜெயிக்கும்.

எண்ணெய் தடவும் விஷயம்: முதல் முறை மட்டும் துணியால் மெல்லிய பூச்சு போதும். பீய்ச்சும் டப்பா எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதில் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் இருக்கும், சூட்டில் அது பிசினாக மாறும். உங்கள் மஃபின் குழிப் பிசுபிசுப்பு அதுவாகவே இருக்கலாம்.

நீராவி:

230 என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பொருள் தாங்கும் வெப்பம், ஓவன் குமிழில் திருப்பும் எண் அல்ல. 200-இல் வைத்தாலும் சிவந்து எரியும் கம்பிக்கு அருகில் உள்ள விளிம்பு 200-ஐத் தாண்டும். சிறிய ஓவனில் கம்பிக்கும் அச்சுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளியாவது விடுங்கள். மேல் கம்பியை மட்டும் எரியவிட்டுச் சிவக்க வைக்கும் கிரில் வேலைக்கு சிலிக்கோன் கூடவே கூடாது. அடுப்புத் தீயின் மேலும் அப்படியே.

இன்னொன்று, 230 என்று அச்சிட்டது எந்தப் பாகத்துக்கு என்று பாருங்கள். மடக்கு டப்பாவின் விறைப்பான விளிம்பும் மூடியும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், அது 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். அந்த டப்பா மைக்ரோவேவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும்தான், ஓவனுக்கு அல்ல. சில ரொட்டி அச்சுகளின் விளிம்புக்குள் எஃகுக் கம்பி இருக்கும், அதை அமுக்கிப் பார்த்தால் தெரியும். அப்படியானால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள்.

மைக்ரோவேவில் சிலிக்கோன் தானாக அதிகம் சூடாவதில்லை, உள்ளே இருக்கும் உணவிலிருந்துதான் சூடேறும். தண்ணீர் மிகுந்த உணவு 100 டிகிரியோடு நின்றுவிடும். கொழுப்பும் சர்க்கரையும் அப்படி நிற்காது, ஓரிடத்தில் 150-ஐத் தாண்டிக்கூடப் போகும். சீஸ் உருக்குவது, சர்க்கரைப் பாகு காய்ச்சுவது, எண்ணெய் மிதக்கும் இறைச்சி, மூன்றுக்கும் கண்ணாடிப் பாத்திரம் எடுங்கள்.

சோறோ சூப்போ சூடாக்க: மூடியின் ஒரு மூலையைத் திறந்து வைத்து, முழுச் சக்தியில் அல்லாமல் 60, 70 சதவீதத்தில், பாதி நேரத்தில் ஒருமுறை கிளறி, நடுப்பகுதி 74 டிகிரி வரும்வரை. மூலை உள்ள டப்பாவில் மூலைகள் கொதிக்கும்போது நடு குளிர்ந்தே கிடக்கும். உணவை ஓரங்களில் பரப்பி நடுவில் பள்ளம் விட்டால் சமமாகச் சூடாகும். டப்பாவுக்கு அடியில் ஒரு பீங்கான் தட்டை முதலிலேயே வைத்துவிடுங்கள், வெளியே எடுக்கும்போது பிடிப்பது அந்தத் தட்டைத்தான். சுவர் கைக்குச் சுடவில்லையே என்று டப்பாவை இரண்டு விரலால் தூக்கினால், நெளிந்து கொதிக்கும் சூப் கையில் கொட்டும்.

பிரஷர் குக்கரில் ஒரு பயமும் இல்லை. 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தத்தில் சுமார் 120 டிகிரிதான், குக்கர் கேஸ்கட்டே பல நேரம் சிலிக்கோன்தான். கவனிக்க வேண்டியது வேறு: உள்ளே இருக்கும் இலேசான சிலிக்கோன் மூடி நீராவி வேகத்தில் எழும்பி ஆவி வழியை அடைத்துவிடக் கூடாது. மூடியே போடாமல், தாங்கியின் மேல் வைத்து, அச்சின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். மேலே படியும் ஆவித் தண்ணீர் உணவில் சொட்டாமல் இருக்க அச்சின் மேல் ஒரு சிறிய எவர்சில்வர் தட்டைக் கவிழ்க்கலாம்.

ஏர் ஃபிரையருக்கென்று வரும் சிலிக்கோன் கூடைகள் காற்றோட்டத்தை அடைக்கின்றன, அடி நமத்துப்போய் நிற்கும். மேடு பள்ளம் உள்ளதாகப் பாருங்கள், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

அடுப்படி_அணில்:

மிக்க நன்றி. இப்போது இரண்டு கேள்வி மிஞ்சுகிறது. வாசனை சுவர் வழியாகப் போகுமென்றால் சேமிப்புக்கு சிலிக்கோனே வேண்டாமா? ஏற்கெனவே ஏறிய சோப்பு வாடையையும் பிசினையும் எடுக்க வழி உண்டா? டப்பாவில் மஞ்சள் கறையும் சேர்ந்துகொண்டது. டிஷ்வாஷரில் போட்டால் வெள்ளையாக ஒரு படலம் வேறு.

வெண்சாம்பல்:

சேமிப்புக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, அச்சாக வைத்துக்கொள்ளுங்கள், கிடங்காக வைக்காதீர்கள் என்கிறேன். மஃபின் தட்டில் சூப், சாஸ், வேகவைத்த பருப்பு எதையும் ஊற்றி உறையவைக்கலாம். குழியின் கொள்ளளவை ஒருமுறை தண்ணீர் ஊற்றித் தராசில் பார்த்து வைத்துக்கொண்டால் (1 கிராம் 1 மில்லி) பின்னால் அளவு பார்க்கும் வேலையே இல்லை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், ஆகவே விளிம்புக்கு 1 செ.மீ. கீழே நிறுத்துங்கள். தட்டைப் பலகை மேல் வைத்து ஃப்ரீசரில் 5, 6 மணி நேரம். கெட்டியானதும் அடியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் கட்டி துள்ளி வெளியே வரும். அந்தக் கட்டிகளைக் கண்ணாடி டப்பாவிலோ கனமான பாலித்தீன் பையிலோ மாற்றிவிடுங்கள்.

பைகளில் நேரடியாக வைப்பதானால் வாசனை இல்லாத பொருள், 2, 3 வாரத்துக்குள் தீர்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் ஈரம் வெளியேறி உணவின் ஓரம் வறண்டு வெளுக்கும். வெங்காயம், பூண்டு, மீன் மூன்றும் கண்ணாடிக்கு. பையை முக்கால் பங்கு நிரப்பி, 2, 3 செ.மீ. தடிமனில் படுக்க வைத்து உறையவிட்டால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும் என்ற விதி இங்கும் பொருந்தும். சிலிக்கோன் சுவர் சூட்டை மெதுவாக விடுவதால், ஆழமான டப்பாவில் முழுதாக அடைத்தால் நடுப்பகுதி வெகு நேரம் வெதுவெதுப்பாகவே நிற்கும். முதலில் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, பிறகு டப்பாவில் போடுங்கள்.

மாவுக்கை:

சுத்தம் செய்வதை நான் சொல்கிறேன்.

சோப்பு வாடைக்கு இன்னும் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். ஓவன் தாங்கும் அச்சானால் கழுவித் துடைத்து 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வெறுமனே வையுங்கள், ஏறிய வாசனை ஆவியாகிப் போகும். டப்பாவும் பையும் கொதிநீரில் 10 நிமிடம் கிடக்கட்டும், தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொருமுறை. இனிமேல் வாசனை சேர்க்காத திரவமாகப் பார்த்து வாங்குங்கள், சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பிசின் என்பது எண்ணெய் வெந்து இறுகிய படலம், வெறும் சோப்புக்கு மசியாது. சமையல் சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக் குழிகளில் பூசி அரை மணி நேரம் கழித்து மெல்லிய நார் பஞ்சால் தேயுங்கள். போகவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு அதில் அச்சை முக்குங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சலவை சோடா அதை அரித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கம்பி நாரும் கத்தியும் பக்கத்தில் வரக் கூடாது. சிலிக்கோனில் சின்ன வெட்டு விழுந்தால் அது அங்கிருந்து கிழிந்துகொண்டே போகும்.

மஞ்சள் கறைக்குத் தேய்ப்பது வீண். மஞ்சள் தூளின் நிறப்பொருளான குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் நிறம், டப்பாவைக் கழுவி ஒன்றிரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் தானாக மங்கும். வெயிலால் சிலிக்கோனுக்குக் கேடில்லை.

டிஷ்வாஷர் வெள்ளைப் படலம் கடினத் தண்ணீரின் உப்பு. ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம், 15 நிமிடம் ஊறினால் கரைந்துவிடும். கரையாமல், விரலால் தேய்க்கும்போது மாவு போல உதிர்ந்தால் அது உப்பு இல்லை, சிலிக்கோனே சிதைகிறது. அந்த அச்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சோடாவில் கொதிக்கவைத்த பிறகும் ஒட்டுகிற அச்சுக்கும், வெட்டு விழுந்ததற்கும் அதே முடிவுதான்.

நீராவி:

மாவு பிசையும் விரிப்பும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில விரிப்புகளுக்குள் கண்ணாடி நார் வலை இருக்கும். அதன் மேல் வைத்து பீட்சா வெட்டக் கூடாது, அளவுக்கு ஏற்றபடி கத்தரிக்கவும் கூடாது. நார் வெளியே தெரிந்தால் உணவோடு கலக்கும்.

அடுப்படி_அணில்:

ரொட்டி அச்சை எடை பார்த்தேன். முன் 186.4 கிராம், 200 டிகிரியில் 4 மணி நேரத்துக்குப் பின் 185.9.

வெண்சாம்பல்:

அரை கிராம், அதாவது 0.27 சதவீதம். அச்சு சரியாகத்தான் வெந்திருக்கிறது, வெள்ளைக் கோடு நிறமியால் இருக்கும். மஃபின் தட்டை எடை போடுவதற்கு முன் பிசினை முழுதாக எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் எரிந்துபோன எடையையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிவிடுவீர்கள்.